காருக்குக் கட்டிய தலைப்பாகை

ஓட்டோக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்ணுக்கு முன்னால் ஏதாவது நீட்டிக்கொண்டு நின்றால் போதும், அதில் எதையாவது கொளுவிவிடுவான். என் ஓட்டோவுக்குள் வந்து பாருங்கள். ஹேண்டிலில் தண்ணீர்ப் போத்தல், கண்ணாடியில் பிள்ளையார், ஹேண்ட் பிரேக்கில் பாண் பை, மீட்டரில் துவாய். (என் காது இரண்டும் சும்மாதான் இருக்கின்றன. இடம் போதாமல் போனால் அவையும் உதவும்.) ஒரு பொருளைக் கொளுவுவதால் மனிதனுக்கு அப்படி என்ன நட்டம் வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வரவிருந்தது சின்ன நட்டமல்ல. ஒரு பெண்சாதி.

அந்தக் கதைக்கு முன் என்னுடைய இரண்டாவது கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய கார்.

காத்தான்குடியில் ஒரு துணிக்கடை ஹாஜியார் வீட்டில் பிஸ்தா நிறத்தில் ஒரு வொக்ஸ்வேகன் நிற்கிறது. ஆமைக்கு மூக்குக்கண்ணாடி போட்டது போல இருக்கும். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்மூடியைத் திறந்தால் ஹாஜியார் சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்தான் இருக்கும். ஏறாவூரில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு பேஜோ. பின்பக்கம் இரண்டு மூலையும் கெளிறு மீனின் செட்டை மாதிரிச் சீவிவிட்டது. கல்லடியில் ஒரு மொரிஸ் மைனர். அதன் முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் அழுது முடித்த பிள்ளை போலத் தோன்றும், தூக்கி இடுப்பில் வைக்கலாம் போலிருக்கும். இவற்றை எங்கே கண்டாலும் என் ஓட்டோ தானாக நின்றுவிடும். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருந்தாலும் நிற்கும்.

"தம்பி, எனக்கு நெஞ்சு நோவுது."

"ஒரு நிமிசம் ஐயா. இந்தக் காரப் பாத்தா எனக்கும் நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது."

(அவர் பிழைத்துவிட்டார். இப்போதும் என் ஓட்டோவைக் கண்டால் மதிலோரம் ஒதுங்கி நடந்தே போகிறார்.)

இந்தக் காலத்துக் கார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சவர்க்காரக் கட்டிகள். ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்தறிய நம்பர் தகடு வேண்டும். பழைய கார்களுக்கு அப்படியல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒரு குணம், ஒரு பிடிவாதம். நான் கண்ட கார்களுக்கெல்லாம் ராணி புளியந்தீவில் இருந்தாள். வின்சன்ட் அங்கிளின் ஒஸ்டின் சோமர்செட்.

கறுப்பு என்று நினைத்தால் வெயிலில் நாவற்பழ நிறம் காட்டும். உடம்பில் ஒரு நேர்கோடு கிடையாது. குயவன் சக்கரத்தில் வைத்து வழித்து எடுத்தது போல எல்லாமே உருண்டை, எல்லாமே வழுக்கல். திரும்பும்போது லைட் மினுங்காது. கதவுத் தூணுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கை உயர்த்துமே, அப்படி. (நான் அப்படி ஒரு கையை ஒருநாளும் உயர்த்தியதில்லை. அதனால்தானோ என்னவோ அதன்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.)

வின்சன்ட் அங்கிள் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவர். காருக்கு மேரி என்று பெயர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் மேரியைத் துடைக்கிற நேரம் நான் போய் நிற்பேன். முதல் ஆறு மாதம் பார்க்க மட்டும் அனுமதி. மறுகா துணியைப் பிழிந்து கொடுக்க அனுமதி. கடைசியில் பின் மட்கார்டைத் துடைக்க விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இனிப்புக் கேட்டேன்.

இப்போது பெண்சாதி. அதாவது அப்போது பெண்சாதியாக இல்லாத தர்சினி. மண்டூர்க்காரி. களுவாஞ்சிகுடியில் பாலர் பாடசாலை ஆசிரியை. மண்டூருக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் வாவி கிடக்கிறது. அதைக் கடக்கக் குருமண்வெளித் துறையிலிருந்து பாதை ஓடும். (வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்: எங்கள் ஊரில் பாதை என்றால் தெரு அல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகிற எஞ்சின் பூட்டிய மிதவை.) காலையில் பாதையால் இறங்குகிறவளை நான்தான் ஓட்டோவில் ஏற்றிப் போவேன். அவளை ஏற்றியிருக்கும்போது மட்டும் எந்தப் பழைய காரைக் கண்டும் நான் நிறுத்தவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அவளுடைய அப்பாவுக்கு அது விளங்கச் சுணங்கியது. அவர் ஒரு போடியார். ஊரில் நிறைய வயல் வைத்திருப்பவரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியேறுவது. ஆகவே அவர் மருமகனைத் தேடவில்லை. வீட்டுக்குள் வருசக்கணக்காக வைத்துப் பார்க்கப்போகிற ஒரு பொருளைத் தேடினார். பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன படிச்சிரிக்கிறாய்?"

"ஓ எல் வரைக்கும், மாமா."

"பாஸா?"

"வரைக்கும், மாமா."

உள்ளே கதவுக்குப் பின்னால் தர்சினி சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், மீசை ஒருமுறை அசைந்தது.

மகள் விடாப்பிடியாக நின்றதால் கடைசியில் சம்மதித்தார். சம்மதத்துக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது.

"கேட்டுக்கோ தம்பி. நல்ல புது வான் வண்டியாப் பாத்துப் பிடி. பட்டிருப்புப் பாலத்தால சுத்தி வா. முகூர்த்தத்துக்கு முந்தி வாசல்ல நிக்கணும். முகூர்த்தம் தப்பிச்செண்டா இறங்காத, அந்த வானிலயே கிறுகிப் போ. நான் ஒருக்காத்தான் சொல்லுவன்."

ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? புது வானைப் பிடித்துப் பாலத்தால் போயிருப்பான். நான் புளியந்தீவுக்குப் போனேன்.

"அங்கிள், என்ட கலியாணத்துக்கு மேரியத் தாங்க."

அவர் துடைத்த துணியை மெதுவாக மடித்தார். மேரியைப் பார்த்தார். பெண் கேட்டு வந்தவனைத் தகப்பன் பார்க்கிற பார்வை. (ஒரே மாதத்தில் இரண்டு தகப்பன்மார் என்னை அப்படிப் பார்த்தார்கள்.)

"நான்தான் ஓட்டுவன். உள்ளுக்கு ஒருத்தரும் வாழைப்பழம் சாப்பிடக்கூடாது. வெளியில ஒரு டேப் ஒட்டக்கூடாது. முக்கியமா தேசிக்காய்! கட்டவும் கூடாது, டயருக்குக் கீழ வைக்கவும் கூடாது. அந்தப் புளி குரோமியத்தில பட்டா கறுத்துப் போகும். விளங்குதா ஜீவா?"

"விளங்குது அங்கிள். மேரி எனக்கும் ஒரு ஆள்தானே."

பாதையால் போகலாம் என்பதும் என் யோசனைதான். வாவிக்கு நடுவில், தண்ணீருக்கு மேல், ஒரு சோமர்செட்! அதற்குள் நான், தலைப்பாகையோடு! அந்த ஒரு படத்துக்காக நான் பாலத்தைத் தியாகம் செய்தேன். சொந்தக்காரர்கள் பஸ்ஸில் பாலத்தால் போகட்டும், நான் மட்டும் மேரியோடு வருவேன் என்று முடிவாயிற்று. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

கலியாணத்தன்று காலை அங்கிள் மேரியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து பார்த்தது. மாப்பிள்ளையைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. என் தோழன் கஜன் உள் டாஷ்போர்டின் மேலே ஒரு நீளமான மல்லிகைமாலையைத் தொங்கவிட்டான். அதற்கு அங்கிள் சம்மதித்தார், பூவில் புளி இல்லை.

அப்போதுதான் அம்மா வந்தார். கையில் தேசிக்காயும் மிளகாயும் கோத்த சரம்.

"இது இல்லாம வாகனம் வெளிக்கிடப்படாது, மனே. இந்தக் காருக்கு ஊர்க் கண் முழுக்க விழுந்திரிக்கி. கண்ணூறு பொல்லாதது."

"அம்மா, அங்கிள் கண்டா ஒப்பாரி வைப்பார்."

"அவருக்குத் தெரியாம உள்ளுக்குக் கொளுவு. ஓட்டோக்காரனுக்குக் கொளுவ இடம் தேடத் தெரியாதா?"

அம்மா என் தொழில் மானத்தில் கை வைத்துவிட்டார். அங்கிள் பின்கண்ணாடியைத் துடைக்கப் போன நேரம் நான் உள்ளே தலையை நீட்டினேன். முன்கண்ணாடியில் அங்கிளின் செபமாலை தொங்கியது. அதில் கொளுவினால் மாதாவுக்கும் எங்கள் காளியம்மனுக்கும் இடையில் நான் போய் மாட்டிக்கொள்வேன். மல்லிகைமாலையை விலக்கிப் பார்த்தேன். கீழே ஒரு கறுத்தக் குமிழ். அதில் ‘சி’ என்று இங்கிலீசில் ஒரே ஓர் எழுத்து. பக்கத்தில் ‘எஸ்’ என்று இன்னொரு குமிழ். ஓ எல் பரீட்சையில் இந்த இரண்டு எழுத்தில் ஏதாவது ஒன்று கிடைத்தாலே பாஸ். இரண்டுமே எனக்குக் கிடைக்காத எழுத்துகள். இங்கே வந்து சோடியாக நின்று என்னைப் பார்க்கின்றனவே என்று எனக்கு ஒரு கோபம் வந்தது.

‘சி’யைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு விரல் நீளத்துக்கு அழகாக வெளியே வந்து அப்படியே நின்றது. கொளுவுவதற்கென்றே செய்த கொக்கி! வெள்ளைக்காரனின் மூளையை மெச்சிக்கொண்டு சரத்தை அதில் மாட்டி, மல்லிகைமாலையை மேலே இழுத்து மூடினேன். ஒரு கண்ணுக்கும் தெரியாது.

புறப்படும்போது அம்மா இன்னொரு சட்டமும் போட்டார். வீட்டுப் படியை விட்டு இறங்கிக் காரில் ஏறிய மாப்பிள்ளையின் கால், பெண் வீட்டு வாசலில் மச்சான் கழுவிவிடும் வரைக்கும் நிலத்தில் படக்கூடாதாம். இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கலியாணம் நடத்தி வைத்த ஐயருக்கும் தெரியாது. அம்மாவின் சாத்திரம். அம்மாவும் கஜனும் பின்னால் ஏறினார்கள், நான் முன்னால் அங்கிளுக்குப் பக்கத்தில்.

மேரி கிளம்பினாள். சந்தி தாண்டவில்லை, ஒரு இருமல். அங்கிளின் முகம் மாறியது. இன்னுமோர் இருமல். பின்னால் கரும்புகை.

"இவள் ஒருநாளும் இப்படிச் செய்யிறேல்ல" என்றார் அங்கிள்.

"வெக்கம் அங்கிள். முதல் முறை கலியாணத்துக்கு வாறாள்" என்றேன் நான்.

பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் எட்டிப் பார்த்து, "அண்ணே, மாப்பிள்ளைக்கு நுளம்புக்குப் புகை அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அம்மா, கண்ணூறு எரிகிற புகை அது, நல்லது என்றார்.

எப்படியோ குருமண்வெளித் துறைக்கு வந்து சேர்ந்தோம். பாதைக்காரர் மேரியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது கார்தானே? கோயில் தேரில்லையே?"

மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஆடு, இரண்டு வாத்திமார், மீன் பெட்டியோடு ஒரு அக்கா எல்லாரும் பின்னால் ஒதுங்க, மேரியை முன்னால் ஏற்றினார்கள். பாதையின் அகலத்துக்கும் மேரியின் அகலத்துக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போக மட்டும் இடம் இருந்தது. அங்கிள் எஞ்சினை நிறுத்தினார். பாதை நகர்ந்தது.

அந்தப் பயணத்தை மட்டும் என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. காற்றில்லாத காலை. தண்ணீர் எண்ணெய் பூசியது போலக் கிடந்தது. அதில் தலைகீழாக ஒரு நாவற்பழ நிறச் சோமர்செட். கண்ணா மரத்திலிருந்த நீர்க்காகங்கள் கூட இறக்கையை விரித்தபடி திரும்பிப் பார்த்தன. இறங்கிக் காருக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க எனக்கு ஆசை. அம்மா விடவில்லை.

"பாதையில காலை வைச்சா நிலத்தில வைச்ச மாதிரித்தான்."

ஆகவே ஜன்னலால் இடுப்புவரை வெளியே வந்து, தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கஜன் படமெடுத்தான். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. உயிர்காக்கத் தப்பி ஓடுகிற ஆள் போல இருக்கிறேன்.

மண்டூர்த் துறை வந்தது. அங்கிள் ‘எஸ்’ குமிழை இழுத்தார். மேரி "குர்... குர்... குர்..." என்றாள். மறுபடி இழுத்தார். "குர்... கு..." என்றாள். கார் முழுக்கப் பெற்றோல் மணம். அங்கிள் இறங்கி முன்மூடியைத் திறந்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்து, மூடிவிட்டு, சிலுவை போட்டார். மறுபடி இழுத்தார். சிலுவைக்கும் அவள் மசியவில்லை.

பின்னால் கலவரம் தொடங்கியது.

"ஓய், பள்ளிக்கூடம் தொடங்கப்போகுது!"

"என்ட மீன் கருவாடாகுது, காரத் தள்ளுங்கடா!"

"மாப்பிள்ளை, நீயும் இறங்கித் தள்ளன்!"

"அவன் இறங்கப்படாது!" என்று அம்மா பின் ஜன்னலால் கத்தினார். "கால் நிலத்தில படப்படாது!"

மீன்கார அக்கா குனிந்து உள்ளே என்னைப் பார்த்தார். "ஏன் கா, மாப்பிள்ளைக்குக் கால் இரிக்குத்தானே? பொண்ணு வீட்டுக்காரர் எண்ணிப் பாத்துத்தானே குடுத்தாங்க?"

வாத்திமார் இரண்டு பேர், மோட்டார் சைக்கிள்காரர்கள், பாதைக்காரர், கஜன், எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். நான் உள்ளே நேராக நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, சிலை போல இருந்தேன். வேறு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேரி பாதையை விட்டு இறங்கித் துறையடி மேட்டில் நின்றாள். அதற்கு மேல் ஒரு அடி ஏற மாட்டேன் என்றாள்.

கஜன் போனை எடுத்து மாமாவிடம் விசயத்தைச் சொன்னான். போனை அவன் காதிலிருந்து எட்டத்தில் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. அதை இங்கே எழுத முடியாது. முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பஸ்ஸில் போன சொந்தக்காரர் எல்லாரும் பந்தலில் இருந்து பாயாசம் குடிக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் துறையடியில், ஒரு பழைய இரும்புக்குள். முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. தர்சினி கூறைச் சேலையில் இருந்துகொண்டு வாசலைப் பார்ப்பாளே என்று நினைத்தேன். "இந்தக் காரால என்ட கலியாணம் போகப்போகுது அங்கிள்" என்றேன்.

அங்கிள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "உன்ட கலியாணம் போனா வேற பொண்ணு பாக்கலாம் ஜீவா. மேரிக்கு நான் என்ன செய்ய?"

அப்போது ஒரு இரைச்சல் கேட்டது. மாமா வந்தார். வேட்டி, சால்வை, சந்தனப் பொட்டு, உழவு மெசின். பின்னால் கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகள் ஏற்றிய டிராக்டர்ப் பெட்டி. கதிரை இறக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே வந்திருக்கிறார்.

இறங்கி நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். மல்லிகைமாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

கஜன் முன்னால் வந்தான். "மாமா, ஜீவாவ மட்டும் தூக்கி மெசின்ல வைப்பம். கால் நிலத்தில படாது."

"வேணாம்" என்றார் மாமா. "காரோட வரட்டும். கயித்த எடு."

"ஐயோ, பம்பர்!" அங்கிள் பாய்ந்து வந்து பம்பரைக் கட்டிப்பிடித்தார். "கயிறு குரோமியத்தைக் கீறும்! மெத்தையா ஒரு துணி சுத்தாம நான் விடமாட்டன்!"

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். துறையடியில் துணிக்கு எங்கே போவது? கண் கடைசியில் என் தலையில் வந்து நின்றது. ஜன்னலால் கையை விட்டு என் தலைப்பாகையை அப்படியே கழற்றினார். பட்டு, சரிகைக் கரை. அதை உருவி, மேரியின் பம்பரில் வரிவரியாகச் சுற்றி, மேலே கயிற்றைக் கட்டினார். மேரிக்கு நன்றாகத்தான் பொருந்தியது.

பாதையில் என்னைத் திட்டிய கூட்டமெல்லாம் ஊருக்குள் சும்மா போகலாம் என்று பெட்டியில் ஏறிக் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. வாத்திமார் முன்வரிசை. (பள்ளிக்கூடம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.) மாமா மெசினை எடுத்தார். கயிறு இறுகியது. மேரி ஒரு ராணி நடப்பது போல மெதுவாக அசைந்தாள். மீன்கார அக்கா கதிரையில் எழுந்து நின்று குரவை போட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் குரவை போட்டால் மற்றப் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது. தெருவுக்குத் தெரு, வேலிக்கு வேலி குரவை எழும்பியது.

"இஞ்சப் பாருங்க, போடியார் தானே மெசின் பிடிச்சு மருமகன இழுத்து வாறார்!"

"இப்படி ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்த நான் காணல்ல புள்ள!"

"கார் பழசெண்டாலும் என்ன வடிவு! பழைய காலத்து ராசாட கார் போல!"

முன்னால் மாமாவின் முதுகு எனக்குத் தெரிந்தது. துறையடியில் கூனியிருந்த முதுகு. ஒவ்வொரு குரவைக்கும் கொஞ்சம் நிமிர்ந்தது. பிள்ளையார் கோயிலடியில் வேறு பக்கமாகத் திரும்ப வேண்டிய மனிதர், நேரே போய்ச் சந்தையைச் சுற்றிக்கொண்டு வந்தார். முகூர்த்தம் முடிகிற பயத்தில் நான் மணிக்கூட்டைப் பார்க்க, அவர் தெரிந்தவர்களுக்குக் கை காட்டினார்.

வாசலில் தர்சினியின் தம்பி ரவி செம்பும் தண்ணீருமாக நின்றான். அவன் எனக்கு ஏற்ற மச்சான், வாயில் நல்ல சொல் வராது. வந்தான், பார்த்தான். வெறுந்தலையோடு உள்ளே நான். பட்டுத் தலைப்பாகையோடு வெளியே மேரி. குனிந்து மேரியின் முன் டயரில் தண்ணீரை ஊற்றிக் கழுவத் தொடங்கினான்.

"டேய், நான் இஞ்ச இரிக்கன்!"

"பொறுங்க அத்தான். தலைப்பா கட்டினவருக்குத்தானே முதல் மரியாதை."

பந்தல் முழுக்கச் சிரித்தது. உள்ளே இருந்து ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. கதவுக்குப் பின்னால் முன்பு கேட்ட அதே சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது. காலைக் கழுவி, ஓட்டமாக மணவறைக்குப் போய், முகூர்த்தம் முடிய முன்னம் தாலி கட்டினேன். மணவறைப் படம் ஒன்றிலும் எனக்குத் தலைப்பாகை இல்லை. வாசலில் எடுத்த படத்தில் காருக்கு இருக்கிறது.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை பொம்பிளை கோயிலுக்குப் போக வேண்டும். மேரி வாசலில் அப்படியே நின்றாள், அங்கிள் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, நோயாளியைப் பார்க்க வந்தவர் போல இருந்தார். சோறும் சாப்பிடவில்லை. தர்சினி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நான் ஒருக்கா உள்ளுக்கு இருந்து பாக்கட்டா?" என்றாள். முன் சீட்டில் ஏறினாள். நானும் பக்கத்தில் ஏறினேன். வாடிப்போன மல்லிகைமாலையை விரலால் விலக்கினாள்.

தேசிக்காய் அவளைப் பார்த்தது. அவள் தேசிக்காயைப் பார்த்தாள்.

"இது ஆர் கொளுவின?"

"கண்ணூறுக்கு..." என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது என்னெண்டு தெரியுமா உங்களுக்கு? சோக்கு. எங்கட வயல் வட்டையில தண்ணி இறைக்கிற மெசின்லயும் இரிக்கி. குளிரில ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒருக்கா இழுக்கிறது. இழுத்தபடியே விட்டா பெற்றோல் குடிச்சுக் குடிச்சு மூச்சடைச்சுப் போகும். மட்டக்களப்பு வெயிலுக்கு இந்தக் குமிழ ஆரு தொடப்போறா? அந்த மனிசன் இது இரிக்கிறதயே மறந்திருப்பார்."

அவள் சரத்தைக் கழற்றிச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். ‘சி’யை உள்ளே தள்ளினாள். வெளியே தலையை நீட்டி, "அங்கிள், இப்ப ஒருக்கா இழுத்துப் பாருங்க, ஆறிரிக்கும்" என்றாள்.

அங்கிள் ஏறி ‘எஸ்’ஸை இழுத்தார். ஒரே இழுப்பு. மேரி, வழுவழுவென்று, ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கினாள். அங்கிள் அழுதார். "உங்கட கை ராசி, மகள்" என்று அவள் தலையில் கை வைத்தார். அவள் என்னைப் பார்த்தபடியே அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டாள். வலது பக்கம் செம்மஞ்சள் கை நீண்டது. நாங்கள் கோயிலுக்குப் போனோம்.

அன்றிலிருந்து அந்தத் தேசிக்காய் என் கழுத்தில் தொங்குகிறது. மாமா ஊரெல்லாம் போய், "நான் இல்லாட்டி என்ட மருமகனுக்குக் கலியாணமே இல்ல, மெசினால கட்டி இழுத்து வந்தன்" என்று மார்தட்டுவார். தர்சினி எனக்குப் பக்கத்தில் வந்து, "அப்பாட்ட சொல்லட்டா?" என்று கேட்பாள். உடனே நான் போய்த் தேங்காய் துருவுவேன். பழக்கம் மட்டும் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியில் துவாயைக் கொளுவுவேன். கதவுப் பூட்டில் சேர்ட்டைக் கொளுவுவேன். குசினியிலிருந்து அவள் குரல் வரும்:

"அத எடுங்க. மறுகா வீடு ஸ்டார்ட் ஆகாது."

ரவிக்கு ஒருநாள் அது காதில் விழுந்தது, அக்காவிடம் முழுக் கதையையும் கறந்துவிட்டான். அவ்வளவுதான். அவனிலிருந்து அம்மா, அம்மாவிலிருந்து களுவாஞ்சிகுடி, களுவாஞ்சிகுடியிலிருந்து புளியந்தீவு. (வின்சன்ட் அங்கிள் மூன்று ஞாயிறு என்னோடு கதைக்கவில்லை. நாலாவது ஞாயிறு மறுபடி துணி பிழிவதிலிருந்து தொடங்கச் சொன்னார்.) மாமாவின் காதுக்கு மட்டும் போகாமல் எல்லாரும் பார்த்துக்கொண்டோம். அந்த மனிதரின் பெருமையை உடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

போன மாரிப்போகத்துக்கு உழவு தொடங்கிய நாள், மாமாவோடு நானும் வட்டைக்குப் போனேன். வெயில். சேர்ட்டைக் கழற்றி, என்னையறியாமல், உழவு மெசினில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் கொளுவினேன். மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"தம்பி, அத எடு. இதையும் நான் இழுக்க ஏலா."

சேர்ட்டை எடுத்துக் கையில் பிடித்தேன். "மாமா... உங்களுக்குத் தெரியுமா?"

"அண்டைக்குத் துறையடியிலயே தெரியும். முப்பது வருசமா மெசினில தண்ணி இறைக்கிறவனுக்கு அந்த மணம் தெரியாதா? மாலைக்குக் கீழால மிளகாய் வேற தொங்குது."

"அப்ப ஏன் சொல்லல்ல? அந்தக் குமிழ உள்ளுக்கு ஒரு தள்ளு தள்ளியிருந்தா ஓடியிருக்குமே!"

மாமா மீசையைத் தடவினார்.

"ஓடியிருக்கும். நீயும் ராசா மாதிரி வந்து இறங்கியிருப்பாய். எனக்கு அதில என்ன இரிக்கி? ஓட்டோக்காரன் மருமகன் எண்டு சிரிச்ச சனத்துக்கு முன்னால உன்னக் கயித்தில கட்டி இழுத்து வர எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்குமா? அதுதான் சந்தையையும் ஒருக்காச் சுத்தினன்."

மறுநாள் காலை எழும்பிப் பார்த்தால் வீட்டு முன்சுவரில் புதிதாக ஒரு பெரிய ஆணி அடித்திருந்தது. மாமா அடித்தது, எனக்கென்று, நான் கொளுவ. அதற்கு மேலே வெண்கட்டியால் ஓர் இங்கிலீசு எழுத்தைக் கொட்டையாக எழுதியிருந்தாள் பாலர் பாடசாலை ஆசிரியை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்கிறார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்: ஓ எல்லில் தராத ‘சி’யை மாமனார் வீட்டில் தந்துவிட்டார்கள்.